வெள்ளம் புகுந்த கிணறு: பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, எப்போது குடிக்கலாம்?

#1 கரைமேடு

திறந்த கிணறு, விட்டம் 10 அடி. வெள்ளம் கைப்பிடிச்சுவரைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. இப்போது 13 அடி தண்ணீர் நிற்கிறது, நிறம் கலங்கல். மேல் பகுதி செங்கல் கட்டு, அடியில் 6 அடி வெறும் மண். பக்கத்து மனையின் செப்டிக் டேங்க் 40 அடி தூரத்தில் இருக்கிறது, அதுவும் மூழ்கியது. தெருவில் ஒருவர் ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் போதும் என்கிறார், இன்னொருவர் ஐந்து கிலோ என்கிறார். கணக்கு என்ன? போட்டபின் எத்தனை நாள் கழித்துக் குடிக்கலாம்? வாசனை வந்தால் கிருமி செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

#2 குளோரோஸ்கோப்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. வாசனையை நம்பி யாரும் குடிக்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

முதலில் கொள்ளளவு. அடியில் அளந்தால் விட்டம் × விட்டம் × நீர் ஆழம் × 22 என்று பெருக்குங்கள், லிட்டர் கிடைக்கும். உங்கள் கிணற்றுக்கு 10 × 10 × 13 × 22 = 28,600. தோராயமாக 29,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது பவுடரின் வலு. புதிதாக வந்த பவுடரில் ஏறத்தாழ 33 சதவீதம் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து ஈரக்காற்று பட வைத்திருந்தால் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். கட்டிதட்டி, மணமே இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்பு. மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத இடத்தில் இருந்த பவுடர் என்றால் 25 சதவீதம் என்று கணக்கிடலாம். தகர டின்னில் வைக்காதீர்கள், அரித்துவிடும்.

இனி இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தெருவில் நடக்கும் சண்டை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். சாதாரண நாளில் கிணற்று நீரைக் குடிக்கத் தக்கதாக வைத்திருக்கப் போடும் அளவு ஒன்று. வெள்ளம், செப்டிக் டேங்க் தண்ணீர் எல்லாம் புகுந்த பிறகு சுவர், சேறு, குழாய் உட்படக் கழுவி எடுக்கப் போடும் அளவு வேறு.

பின்னதற்கு லிட்டருக்கு 50 மி.கி. குளோரின். 29,000 × 50 மி.கி. = 1,450 கிராம் குளோரின். 25 சதவீதப் பவுடரில் அது 5.8 கிலோ. ஐந்து கிலோ என்றவர் சொன்னது இந்த வேலைக்கு ஏறக்குறைய சரி. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, குறைந்தது 12 மணி நேரம் நிற்கவிட்டு முழுதும் வெளியேற்ற வேண்டும்.

முன்னதற்கு நீரைப் பொறுத்து 1,000 லிட்டருக்கு 5 கிராமில் தொடங்கி 15 கிராம் வரைகூடப் போகும். உங்கள் கிணற்றில் 145 கிராமும் ஆகலாம், 400 கிராமும் ஆகலாம். எது என்பதைக் கிணற்று நீரையே எடுத்துச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சோதிக்கும் முறை இது. 25 சதவீதப் பவுடர் 40 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீர் 1 சதவீதக் குளோரின் கரைசல். நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் பத்துப் பத்து லிட்டர் கிணற்று நீர் எடுங்கள். ஊசி போடும் சிரிஞ்சால் முதல் வாளியில் 1 மி.லி., அடுத்ததில் 2, பிறகு 3, கடைசியில் 5 மி.லி. விடுங்கள். 10 லிட்டருக்கு 1 மி.லி. என்றால் லிட்டருக்கு 1 மி.கி. குளோரின். கலக்கி, மூடி, அரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் மீந்திருக்கும் குளோரினை, நிறம் காட்டும் சோதனை மருந்தால் அளந்து பாருங்கள். எந்த வாளியில் 0.5 மி.கி. அளவுக்கு மீதம் நிற்கிறதோ அதுதான் உங்கள் கிணற்றின் அளவு. மூன்றாவது வாளி என்றால் 29,000 × 3 மி.கி. = 87 கிராம் குளோரின், அதாவது பவுடர் 350 கிராம்.

சுகாதாரத் துறையில் இதையே ஹாராக்ஸ் கருவியில் செய்வார்கள். ஆறு வெள்ளைக் குவளையில் சோதிக்கும் நீர், ஒரு கறுப்புக் குவளையில் பவுடர்க் கரைசல், 2 கிராம் கரண்டி. வெள்ளைக் குவளைகளில் வரிசையாக 1, 2, 3 சொட்டு என்று கரைசலைக் கூட்டி விட்டு, அரை மணி நேரம் கழித்து, குளோரின் மீந்திருந்தால் நீலமாகும் மருந்தைச் சேர்ப்பார்கள். எந்தக் குவளையில் முதலில் நீலம் தெளிவாக ஏறுகிறதோ அந்த எண்ணை 2-ஆல் பெருக்கினால் 455 லிட்டருக்கு எத்தனை கிராம் பவுடர் என்று வரும்.

பவுடரைத் தூளாகவே கிணற்றில் கொட்டாதீர்கள். வாளியில் முதலில் கொஞ்சம் நீர் விட்டுக் களிபோல் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி இறக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றில் போனால் தண்ணீரின் கடினத்தன்மையும் பி.எச்-சும் (அமில-காரத்தன்மை அளவு) ஏறும். பி.எச். ஏறினால் குளோரினின் கொல்லும் வலு குறையும். கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7-ல் மீதக் குளோரினில் முக்கால் பங்குக்கு மேல் அந்த வடிவில் இருக்கும், 8-ல் கால் பங்கு, 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான். அளவுகோல் அதே 0.5 காட்டும், வேலை நடந்திருக்காது.

ஊற்றிய வாளியைத் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றி நன்றாகக் கலக்குங்கள். இரவு, கடைசியாக நீர் இறைத்த பிறகு போடுவது நல்லது. குறைந்தது ஒரு மணி நேரம் ஆன பிறகே அளவு பார்க்க வேண்டும். 0.5-க்குக் கீழே இருந்தால் இன்னும் போட வேண்டும்.

#3 கரைமேடு

நன்றி. அப்படியானால் முழுக் கிணற்றையும் மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, புது ஊற்று வந்ததும் 50 மி.கி. கணக்கில் போடலாமா? நாளைக்கே டீசல் பம்பு கிடைக்கும்.

#4 வலிகாமம்

நாளைக்கே இறைக்க வேண்டாம். நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்வரை பொறுங்கள். வெள்ளத்தில் சுற்றியிருக்கிற மண் முழுக்க நீர் ஏறி நிற்கும். உள்ளே இருக்கிற தண்ணிதான் அந்த அழுத்தத்துக்கு எதிராகச் சுவரைத் தாங்கிப் பிடிக்குது. அதை மூன்று மணித்தியாலத்தில் வெறுமையாக்கினால் கட்டு உள்ளே சரியும். உங்களுக்கு அடியில் 6 அடி கட்டில்லாத மண் என்றபடியால் இன்னும் ஆபத்து. நீர் வரும் வேகமும் பம்பு எடுக்கும் வேகமும் ஒன்றையொன்று விட்டுப் போகாமல், அடி அடியாக இறக்குங்கள். மண் சரிந்து தண்ணி திரும்பக் கலங்கினால் உடனே நிறுத்துங்கள்.

கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொரு விஷயம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில எங்கட கிழக்குக் கரையில கிணறுகளைச் சுத்தப்படுத்துகிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சில இடங்களில் உப்பு குறையவில்லை, கூடினது. மணல் நிலத்தில் நன்னீர் கடல்நீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழே உப்புநீர் எல்லை கிட்டத்தட்ட 40 மீட்டர் ஏறிவிடும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பை நாங்களே மேலே இழுக்கிறோம். அப்படியான இடத்தில் ஒருதரம் சேறெடுத்து, குளோரின் போட்டு, கிணற்றில் நிற்கிற அந்தத் தண்ணியை ஒருதரம் மட்டும் வெளியேற்றிவிட்டு மழைக்கு விட வேண்டும்.

40 அடி தூரத்து மலக்குழி பற்றியும் சொல்ல வேண்டும். 15 மீட்டர், அதாவது 50 அடி, குறைந்தபட்ச இடைவெளி என்று பொதுவாகச் சொல்வார்கள். மண் வடிகட்டும் என்ற நம்பிக்கையில் போட்ட எண் அது. யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குகையுமாக இருக்கிறபடியால் மலக்குழித் தண்ணி வடிகட்டப்படாமல் அப்படியே ஓடி வந்து கிணற்றில் சேரும். அங்கே 50 அடியும் பாதுகாப்பில்லை. களிமண் நிலத்தில் 40 அடி சில வேளை தாங்கும், வெள்ளத்தில் இரண்டும் ஒன்றாக மூழ்கினால் எந்தத் தூரமும் கணக்கில்லை. தமிழகத்தில் கரும்பாறை வெடிப்பில் தண்ணி வரும் கிணறுகளுக்கும் இது பொருந்தும்.

#5 தூர்வாரி

டீசல் பம்பு என்று படித்ததும் எழுதுகிறேன். எஞ்சினைக் கிணற்றுக்குள் படியில் இறக்கி வைத்து ஓட்டவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உள்ளே இருப்பவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான். எஞ்சின் மேலே, காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் நம்பி நிற்காதீர்கள். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று தெரியும், சரி. எரிந்துகொண்டே இருந்தால் பத்திரம் என்று பொருளில்லை. ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரஜன் சல்ஃபைடோ இருந்தாலும் சுடர் நின்று எரியும். பல நாள் கழிவு ஊறிய சேற்றைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு திடீரென வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்து, பிறகு நாற்றம் தெரியாமல் போனால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது, மூக்கு மரத்துப் போயிருக்கும்.

இறங்குபவருக்கு மார்புப் பட்டையோடு கயிறு, மேலே அதை விடாமல் பிடிக்க இருவர், ஊதுவிசிறியால் உள்ளே காற்று. இவை இல்லையென்றால் ஆளை இறக்காமல் சேறு உறிஞ்சும் பம்பால் எடுத்தது போதும். உள்ளே ஆள் இருக்கும்போது பிளீச்சிங் கரைசல் ஊற்றக் கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட் தோய்ந்த வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தால் குளோரின் வாயு கிளம்பும், அந்த வாளியைத் தனியே வைத்துவிடுங்கள்.

#6 நுண்ணோக்கி

கணக்கெல்லாம் சரி. யாரைக் கொல்லப் போகிறோம் என்பதையும் பேசிவிடலாம், ஏனென்றால் 0.5 மி.கி. எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

காலரா விப்ரியோ, டைஃபாய்டு சால்மொனெல்லா, ஷிகெல்லா, ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்கள் குளோரினுக்கு எளிதில் மடிபவை. தெளிந்த நீரில் சில நிமிடங்கள் போதும். மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ போன்ற வைரஸ்கள் கொஞ்சம் தாங்கும். அதனால்தான் இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 மீதக் குளோரினுக்குக் குறைந்தபட்சம் 0.2 என்று சொல்லிவிட்டு, வைரஸ் பாதுகாப்பு வேண்டுமானால் 0.5 இருக்க வேண்டும் என்கிறது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் கூட்டுறை இன்னும் கடினம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணியின் முட்டையுறைக்குக் கிணற்றில் போடக்கூடிய எந்தக் குளோரினும் பொருட்டே இல்லை. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குளோரின் போட்டு விநியோகித்த குழாய்நீர் வழியாகவே ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஆலையின் வடிகட்டல் சரியாக நடக்காததால் புகுந்தது அந்த உயிரிதான். ஆட்டு மாட்டுச் சாணம் கலந்த வெள்ளம் கிணற்றில் புகுந்திருந்தால் இதை மனதில் வைக்க வேண்டும். கொதிக்க வைத்தால் சாகும். தளதளவென்று கொதித்து 1 நிமிடம் போதும், இருபது நிமிடம் எரித்து விறகை வீணாக்க வேண்டாம். குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள் உள்ள வீட்டில் குளோரினுக்கு மேல் கொதியும் கட்டாயம்.

டெல்லியில் 1955 இறுதியில் நடந்ததைக் குடிநீர்ப் பணியில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். யமுனையின் போக்கு மாறி, நஜஃப்கர் வாய்க்கால் சாக்கடை வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாய்க்கே வந்துவிட்டது. ஆலையில் குளோரினைக் கூட்டினார்கள். டைஃபாய்டு போன்றவை கிளம்பவில்லை. ஆனால் சில வாரங்களில் 29,300 பேருக்கு மஞ்சள்காமாலை. பாக்டீரியா செத்தது, வைரஸ் தப்பியது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல ஆண்டுகள் கழித்துச் சேமித்து வைத்த ரத்த மாதிரிகளில் உறுதியானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த வைரஸ் வந்தால் ஐந்தில் ஒரு தாய்வரை இறக்கலாம். வெள்ளம் வந்த தெருவில் கர்ப்பிணி இருந்தால் அந்த வீட்டுக்குக் கொதிக்க வைத்த நீர்தான் கொடுக்க வேண்டும்.

நோய் வெளிப்படும் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலரா சில மணி நேரம் முதல் 5 நாள். டைஃபாய்டு 1 முதல் 3 வாரம். ஹெபடைடிஸ் ஏ சராசரி 4 வாரம், ஈ 2 முதல் 10 வாரம். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் யாருக்கும் ஒன்றும் வரவில்லை, தண்ணீர் நல்லதுதான் என்று சொல்வது தவறு. பொங்கலுக்கு வரும் காமாலை டிசம்பர் மாதத்துத் தண்ணீரின் வேலையாக இருக்கும்.

#7 கரைமேடு

கலங்கலோடு குளோரின் போட்டால் என்ன ஆகும்? தேத்தாங்கொட்டை, படிகாரம் என்று சொல்கிறார்கள்.

#8 மேல்நிலைத்தொட்டி

கலங்கலில் குளோரின் வீண். கிருமி மண் துகளுக்குள் பதுங்கிக்கொள்ளும், குளோரின் மண்ணில் உள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து தீரும். கலங்கல் அளவு 5 என்.டி.யூ-வுக்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே, முடிந்தால் 1-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் போட வேண்டும். 20 லிட்டர் குடத்துக்கு அரை முதல் 1 கிராம் படிகாரம் கரைத்து விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, சில மணி நேரம் அசைக்காமல் வைத்தால் தெளியும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்பக்கத்தில் உரசி விட்டாலும் மண் இறங்கும். இரண்டும் தெளிவிக்கும், அவ்வளவுதான். தெளிந்தது சுத்தமாகிவிட்டது என்று அப்படியே குடிப்பது பெரிய தவறு. தெளிநீரை வேறு குடத்துக்கு மாற்றிப் பிறகு குளோரினோ கொதியோ கொடுக்க வேண்டும்.

வாசனை பற்றி. செப்டிக் தண்ணீர் அல்லது மாட்டுத் தொழுவத்து நீர் கலந்த கிணற்றில் அம்மோனியா இருக்கும். குளோரின் முதலில் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகும். மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான மணம் பெரும்பாலும் குளோரமினுடையது. அது பலவீனமான கிருமிநாசினி. 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க 8 முதல் 10 மி.கி. குளோரின் செலவாகும், அதைத் தாண்டினால்தான் தனிக் குளோரின் நிற்கத் தொடங்கும். ஆகவே வாசனை அதிகமாக அடிக்கும் தண்ணீரில் குளோரின் பற்றாமல் இருப்பது சாதாரணமாக நடப்பது. குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். குளோரினை நிறத்தால் காட்டும் ஆர்த்தோடொலிடின் மருந்தைச் சொட்டு விட்டால் பத்து விநாடிக்குள் வரும் மஞ்சள் தனிக் குளோரின், பதினைந்து நிமிடம் கழித்துக் கூடும் மஞ்சளில் குளோரமினும் சேர்ந்தது. நிதானமாக வேறு வேலை பார்த்துவிட்டு வந்து நிறத்தைப் பார்த்தால் ஏமாந்து போவோம். அந்த மருந்து நச்சு, கையில் படாமல் பாருங்கள், சோதித்த நீரைக் கிணற்றில் திருப்பி ஊற்றாதீர்கள். குளோரின் அளக்கும் டி.பி.டி. மாத்திரை கிடைத்தால் அதுவே மேல்.

ஊராட்சித் தொட்டி பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டியில் 2 மி.கி. இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதினால் போதாது, கடைக்கோடித் தெருவின் கடைசிக் குழாயில் 0.2 நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் உள்ளே வெற்றிடம் உண்டாகும். சாக்கடைக்குள் ஓடும் இணைப்பில் ஒரு சின்ன விரிசல் இருந்தால் அழுக்கு நீர் உள்ளே உறிஞ்சப்படும். வீட்டு இணைப்பில் நேராக மோட்டாரைப் பொருத்தி இழுப்பவர்கள் அந்த உறிஞ்சலைப் பல மடங்கு ஆக்குகிறார்கள், நோய் வருவது அவர்களுடைய வீட்டுக்கு மட்டும் அல்ல. தண்ணீர் திறந்ததும் முதல் பத்து நிமிடம் வருவதைப் பிடிக்காமல் விடுங்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் வாந்திபேதி பரவி, காலரா உறுதியாகி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் நிலை வந்தது. காலரா பழங்கதை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

#9 நுண்ணோக்கி

அதோடு சேர்த்து: 1992-ல் ஓ139 என்ற புதிய காலரா வகை முதலில் தலைகாட்டிய இடங்களில் சென்னையும் ஒன்று. அதுவரை ஓ1 மட்டுமே கொள்ளைநோய் தரும் என்று நினைத்திருந்தார்கள். விப்ரியோவுக்கு மனிதக் குடல் இரண்டாவது வீடுதான். கழிமுகத்து உவர்நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு ஆண்டு முழுதும் இருக்கும். நீர் வெதுவெதுப்பாகி, பாசி பெருகி, மிதவை உயிர் பெருகும்போது இதுவும் பெருகும். இதை வைத்துத்தான் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்கதேசத்துக் கிராமங்களில் நான்காக மடித்த பழைய சேலையில் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பலமுறை துவைத்த பருத்திச் சேலைதான் வேண்டும், நூல் உப்பி இடைவெளி சிறுத்திருக்கும். தனியே மிதக்கும் பாக்டீரியாவையும் வைரஸையும் துணி பிடிக்காது என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

#10 உப்புக்கரைசல்

நோய் வந்துவிட்டால் முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அரிசி கழுவிய நீர்போல் வெளுப்பாகப் போனால் காலரா என்று எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், பெரியவருக்கே மணிக்கு 1 லிட்டர் வரை உடல்நீர் போகும். போகும் வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள். உறையில் 1 லிட்டருக்கா 200 மி.லி.க்கா என்று படித்துக் கரையுங்கள். பெரிய உறையை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு வலிப்பு வரும். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் ஆகாது. உறை இல்லையென்றால் 1 லிட்டர் கொதித்தாறிய நீருக்கு, தலைதட்டிய தேக்கரண்டியில் 6 சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மி.கி. 14 நாள், ஆறு மாதத்துக்கு உட்பட்டதென்றால் 10 மி.கி. பேதியை நிறுத்தும் மாத்திரை குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் டிரம் டிரம்மாக இந்தக் கரைசலைக் கலந்து கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

எலிக்காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது குடிப்பதால் மட்டும் வருவதில்லை. எலி, மாடு, நாய், பன்றியின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, கால் வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக உள்ளே போகும். தூர்வார இறங்குபவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடுத்த 2 முதல் 30 நாளுக்குள் காய்ச்சல், ஆடுசதை தொட்டால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெங்கு என்றே தேடிக்கொண்டிருப்பார்கள். சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. தடுப்புக்கு டாக்சிசைக்ளின் கொடுப்பதுண்டு. கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் அது ஆகாது, மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

#11 கரைமேடு

தெரு ஓரமெல்லாம் வெள்ளைக் கோடாகப் பவுடர் தூவிக்கொண்டு போகிறார்கள். அதனால் பயன் உண்டா? என் 50 மி.கி. தண்ணீரை அந்தச் சாக்கடையிலேயே விட்டுவிடலாமா? அது ஏரிக்குப் போகும்.

#12 இறால்குட்டை

தெருவில் தூவுவதால் பயன் இல்லை. சேறும் சாக்கடையும் நிறைந்த இடத்தில் காய்ந்த தூளின் குளோரின் சில நிமிடங்களில் கரிமப் பொருளோடு தீர்ந்துவிடும், மிச்சம் சுண்ணாம்புக் கோடு. பலன் தெரிவது பார்வைக்குத்தான். அந்த மூட்டைகளை வீடு வீடாகக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் கணக்கிட்டுப் போட்டால் உயிர் காக்கும். மனிதக் கழிவு தேங்கிய இடமென்றால் முதலில் வாரி எடுத்து, பிறகு நீற்றுச் சுண்ணாம்பைக் கலந்து கிளற வேண்டும். பி.எச். 12-க்கு மேல் ஏறி நின்றால்தான் சுண்ணாம்பு கிருமியைக் கொல்லும், மேலே தூவினால் நடக்காது.

ஏரிக்கு விடாதீர்கள். மீனுக்கு லிட்டருக்கு 0.02 மி.கி. குளோரினே செவுளைப் பொசுக்கும். உங்களிடம் இருப்பது 50. கூடவே சாக்கடையின் கரிமப் பொருளோடு சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற நச்சுப் பொருட்கள் உண்டாகும். செப்டிக் டேங்கிலும் ஊற்றக் கூடாது, கழிவைச் செரிக்கும் பாக்டீரியா செத்துத் தொட்டி நிறைந்து பொங்கும், அடுத்த மழையில் அதே கழிவு உங்கள் கிணற்றுக்கே வரும்.

12 மணி நேரம் ஆனதும் மீதம் அளந்து பாருங்கள். 50 போட்ட இடத்தில் பத்தோ இருபதோ நிற்கும். இறால் பண்ணைகளில் செய்வதுபோல் சோடியம் தயோசல்பேட் போட்டு முறிக்கலாம். 1 கிராம் குளோரினுக்கு 7 கிராம் கணக்கு. 29,000 லிட்டரில் 10 மி.கி. மீதமென்றால் 290 கிராம் குளோரின், அதற்கு தயோசல்பேட் சுமார் 2 கிலோ. இதைக் கிணற்றுக்குள் போட வேண்டாம், வெளியே இறைக்கும் குழி அல்லது தொட்டியில் போடுங்கள். தயோசல்பேட் கிடைக்கவில்லையென்றால் பயிரில்லாத வெற்று நிலத்தில் பரப்பி, இரண்டு நாள் வெயிலில் விட்டால் குளோரின் போய்விடும்.

#13 குளோரோஸ்கோப்

இறைத்து, ஊறிய புதுத் தண்ணீரில் மீதக் குளோரின் முழுதும் போன பிறகு, நுண்ணுயிர்ச் சோதனை. ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி மலிவாகக் கிடைக்கும். கோடு வரை நீர் விட்டு மூடி, 30 முதல் 37 டிகிரியில் வைத்து 24, 48 மணி நேரத்தில் பாருங்கள். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடத்தில் தவறு வரும். நீரில் குளோரின் மீதம் இருக்கும்போது சோதித்தால் கறுக்காது, கிருமியே இல்லை என்று தோன்றும். ஆகவே குளோரின் முழுதும் போன நீரில்தான் செய்ய வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் இயல்பாகவே உள்ள ஆழ்நீரில் கழிவு இல்லாமலும் கறுக்கும். குப்பி கறுக்கவில்லை என்றாலும் வைரஸ், கிரிப்டோ இல்லை என்று அது சொல்லாது. நீர்ப்பகுப்பாய்வுக் கூடத்தில் 100 மி.லி.யில் ஈ.கோலை இல்லை என்று ஒரு அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள், நைட்ரேட்டும் கேளுங்கள். 45 மி.கி.க்கு மேல் இருந்தால் குளோரினாலும் கொதியாலும் அது போகாது, கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க வேறு தண்ணீர்தான்.

#14 வலிகாமம்

பிறகு நாளாந்தம் வாளி வாளியாகக் கலந்து ஊற்றுவது சிரமம் என்றால் இரட்டைப் பானை முறை இருக்குது, நாக்பூரில் உள்ள நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) உருவாக்கினது. 1 கிலோ பவுடர், 2 கிலோ பருமணல் இரண்டையும் ஈரமாகக் கலந்து உட்பானையில் போட்டு, வெளிப்பானைக்குள் வைத்து, இரண்டிலும் 1 செ.மீ. துளையோடு, நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே தொங்கவிடுவது. 4,500 லிட்டர் கிணறு, நாளுக்கு 400 லிட்டர் அள்ளுகிற வீடு என்றால் 2 முதல் 3 கிழமை (வாரம்) தாக்குப்பிடிக்கும். உங்கட கிணறு அதைப்போல ஆறு மடங்கு பெரிது. ஒரு சோடிப் பானை போதாது, அதை நம்பியிருக்க வேண்டாம். குடிக்கிற குடத்துக்கு மட்டும் தனியாகக் குளோரின் விடுங்கள்: 1 சதவீதத் தெளிகரைசல் 20 லிட்டருக்கு 4 மி.லி., அரை மணித்தியாலம் மூடி வைத்து, பிறகு அளந்து பார்த்து.

#15 கரைமேடு

புரிந்தது. நீர்மட்டம் இறங்கும்வரை கிணற்றைத் தொடவில்லை, அதுவரை லாரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டோம். லாரித் தண்ணீரிலும் அளவு பார்க்க வேண்டுமா?

#16 மேல்நிலைத்தொட்டி

கட்டாயம். லாரி வந்து நின்றதும், குடம் வைக்கும் முன்பே, குழாய் வாயில் பிடித்துப் பாருங்கள். 0.5 இல்லையென்றால் 1,000 லிட்டருக்கு 1 சதவீதத் தெளிகரைசல் 200 மி.லி. லாரியின் தொட்டியிலேயே ஊற்றி, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி அளந்த பிறகு திறக்கச் சொல்லுங்கள். ஓட்டுநரிடம் எங்கே நிரப்பினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். யாருக்காவது காமாலை வந்தால் அந்தக் குறிப்பு இல்லாமல் மூலத்தைத் தேட முடியாது.